வெற்றிலை மென்ற மீன்

ஒரு மீனுக்குப் பெயரிடுவோர் மூவகையினர். அதனை நாள்தோறும் ஓடையிற் கண்டு பழகிய ஊரார் ஒருவகையினர். அதனைச் சாராயப் போத்தலில் இட்டு, செதில்களை எண்ணி, நூலில் எழுதிவைக்கும் அறிஞர் இன்னொரு வகையினர். அதனைக் கடல் கடந்து கொண்டுசென்று விற்கும் வணிகர் மூன்றாம் வகையினர். மூவரும் நோக்கியது ஒரே மீனைத்தான். ஆயினும் மூவரும் கண்டது வேறு வேறு. ஊரார் உயிரோடு திரியும் மீனைக் கண்டனர். அறிஞர் உயிர்நீத்த உடலைக் கண்டனர். வணிகர் வாங்குவோரின் விருப்பத்தைக் கண்டனர். அதனாற் பெயர்களும் வேறுபட்டன. இலங்கையின் ஈரவலயத்து ஓடைகளில் வாழும் நிறமிக்க சிறுமீன்கள் சிலவற்றின் பெயர் வரலாற்றை ஆராய்வோர்க்கு ஓர் உண்மை புலனாகும். மீனின் நிறம் அது பிறந்த நீரோடு தொடர்புடையது; அத்தொடர்பைப் பெயர் மறைக்குமாயின் மீனும் நாளடைவில் மறையக்கூடும்.

களனி கங்கை முதல் நில்வளா கங்கை வரையுள்ள தென்மேற்கு ஆறுகளின் கிளையோடைகளில் ஒரு சிறுமீன் வாழ்கின்றது. நீளம் ஏறக்குறைய இரண்டு அங்குலம். மஞ்சள் கலந்த சாம்பல் நிற உடலிலே மூன்று அகன்ற கறுப்புப் பட்டைகள் குறுக்கே ஓடும். பெண்மீன் இவ்வளவே. ஆண்மீனோ இனம்பெருக்கும் காலத்தில் முற்றும் மாறிவிடும். தலையும் முன்னுடலும் கருஞ்சிவப்பாய்ச் சுடர்விடும். பின்னுடலும் செட்டைகளும் மையெனக் கறுக்கும். இதனைக் கண்ட சிங்களக் கிராமத்தவர் ‘புலத் ஹப்பயா’ எனப் பெயரிட்டனர். வெற்றிலை மெல்லுவோன் என்பது அதன் பொருள். தாம்பூலம் தரித்த வாயின் சிவப்பை அம்மீனின் முகத்திலே கண்ட கண்கள் கூரியவை. உவமை வீட்டுத் திண்ணையிலிருந்து பிறந்தது. வெற்றிலைத் தட்டத்தோடு வாழ்ந்த தமிழருக்கும் அது விளக்கம் வேண்டாத உவமையே.

நிறமுள்ள மீனைப் பேணும் வழக்கம் பழமையானது. சீன நாட்டிலே சொங் அரசர் காலத்திற் பொன்னிற மீன்களைக் குளங்களில் வளர்த்தனர். மங்கிய நிறமுள்ள கெண்டை இனமொன்றில் இயற்கையாய்த் தோன்றிய பொன்னிறக் குஞ்சுகளைத் தெரிந்தெடுத்து, தலைமுறை தலைமுறையாக வளர்த்தமையால் விளைந்தது அந்தத் தங்கமீன். பதினேழாம் நூற்றாண்டில் அது ஐரோப்பாவை அடைந்தது. அந்நிறத்தைத் தெரிந்தெடுத்துப் பெருக்கியது மனிதனின் கை. புலத் ஹப்பயாவின் சிவப்போ அத்தகையதன்று. நிழலும், மென்மையான நீரும், அந்நீரில் வாழும் நுண்ணுயிர்களும், பெண்மீனின் தெரிவும் எண்ணிறந்த காலமாகக் கூடி ஆக்கிய நிறம் அது. ஆதலால் தங்கமீனின் தாயகம் எதுவென்று அறியாதவரும் அதனை வளர்க்கலாம். ஓடை மீனின் நிலை வேறு. அதன் தாயகத்தை மறந்தவர் எதனை இழக்கின்றோம் என்பதையே அறியாது இழப்பர்.

இலங்கை மீன்களின் நிறத்தை நூலுக்குக் கொண்டுவர முயன்றவர்களுள் முற்பட்டவர் யோன் விற்சேர்ச் பெனற் என்னும் ஆங்கிலேயர். பிரித்தானியர் ஆட்சியில் இந்நாட்டிலே உத்தியோகம் வகித்த அவர், இலங்கைக் கரையோர மீன்களை வண்ணச் சித்திரங்களாகத் தீட்டி, 1830 ஆம் ஆண்டளவில் இலண்டனில் வெளியிட்டார். முப்பது சித்திரங்கள் கொண்ட அந்நூலிற் புதிய இலத்தீன் பெயர்கள் பல இடம்பெற்றன. அவற்றுள் ஒன்று ‘போர்மோசா’ எனும் பெயராய் இன்றும் வழங்குகின்றது. அழகுடையது என்பது அதன் பொருள். ஆயினும் பெனற் செய்த நன்மை வேறொன்று. மீன்களுக்குக் கரையோர மக்கள் வழங்கிய பெயர்களையும் அவர் உடன் குறித்தார். பல வண்ணமுடைய மீன்களுக்குச் சிங்களத்திற் ‘கிராவா’ என்று பெயர், அதாவது கிளி. தமிழ் மீனவர் கிளிமீன் என்பதும் அக்கருத்தே. இரு மொழியினரும் ஒருவரையொருவர் கேளாமலே ஒரே பறவையை நினைந்தனர் போலும்.

அக்காலத்தில் மீனை வீட்டினுள்ளே கண்ணாடித் தொட்டியில் வைத்துப் பார்க்கும் பழக்கம் பரவவில்லை. 1853 இல் இலண்டன் விலங்குக் காட்சிச்சாலையில் மீன்மனை திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டில் பிலிப் ஹென்றி கோஸ் எழுதிய நூல் வெளிவந்தது. அதன்பின் காட்சித்தொட்டி வைத்தல் ஒரு நாகரிகமாகவே மேனாடெங்கும் பரவிற்று. தொட்டி பெருகவே, அதனுள் இடத்தக்க மீனைத் தேடும் ஆவலும் பெருகிற்று. வெப்ப நாடுகளின் சிறிய நன்னீர் மீன்களுக்கு அதனால் ஒரு புதிய மதிப்பு உண்டாயிற்று. உணவுக்கு உதவாதவை என்று வலைக்காரர் உதறிவிட்ட விரலளவு மீன்களே விலைப்பொருளாயின.

விலை வருமுன்னே இலத்தீன் பெயர் வந்தது. லின்னேயசு என்னும் சுவீடன் நாட்டறிஞர் 1758 இல் வெளியிட்ட நூற்பதிப்பே விலங்குகளின் இருசொற் பெயர்களுக்குத் தொடக்க எல்லையாகக் கொள்ளப்படுகின்றது. சாதிப்பெயர் ஒன்று, இனப்பெயர் ஒன்று என இரண்டு சொற்களால் ஒவ்வோர் உயிரும் குறிக்கப்படும். இம்முறையில் உள்ளூர்ச் சொற்களுக்கு இடமில்லை என நினைப்பது தவறு. கங்கையாற்று மீன்களை ஆராய்ந்த பிரான்சிஸ் ஹமில்ற்றன் 1822 இல் வெளியிட்ட நூலிலே ‘புண்டியஸ்’ என்றொரு பெயரை அமைத்தார். சிறு கெண்டைகளை வங்காள மக்கள் ‘பூண்டி’ என வழங்கிய சொல்லே இலத்தீன் ஈறு பெற்று அப்பெயராயிற்று. கிராமத்துச் சொல் உலக அறிவின் சொல்லாக உயர்ந்தமைக்கு அது ஒரு சிறந்த எடுத்துக்காட்டு.

எனினும் புலத் ஹப்பயாவுக்கு அப்பேறு கிட்டவில்லை. பிரித்தானிய நூதனசாலையிற் பணியாற்றிய அல்பேட் குந்தர் என்னும் ஜேர்மானிய அறிஞர், 1868 இல் வெளியான தமது மீன்பட்டியலின் ஏழாம் தொகுதியில் அதற்கு ‘பார்பஸ் நைக்ரோபாசியாற்றஸ்’ எனப் பெயரிட்டார். கரும்பட்டை உடையது என்பது பொருள். ஊரார் சிவப்பைக் கண்ட மீனிலே அறிஞரின் பெயர் கறுப்பைச் சொல்லியது. இவ்வேறுபாட்டுக்குப் பொருத்தமான காரணம் ஒன்று இயற்கையிலேயே உண்டு.

மீனின் தோலிலுள்ள நிறக்கலங்கள் பலவகைப்படும். கறுப்பைத் தருவது மெலனின் என்னும் பொருள். மீனின் உடல் அதனைத் தானே ஆக்கிக்கொள்ளும். சாராயத்தில் இட்டாலும் அது எளிதிற் கரையாது. சிவப்பும் மஞ்சளும் பெரும்பாலும் கரோட்டினொயிட்டு என்னும் பொருள்களால் ஆனவை. கரட் கிழங்கிற்கு நிறந்தருவதும் அவ்வகைப் பொருளே. மீனால் அதனை ஆக்க முடியாது. பாசியிலிருந்தும், பாசியை உண்ணும் நுண்ணிய நீருயிர்களிலிருந்தும் உணவாகவே பெறவேண்டும். அப்பொருள் சாராயத்திற் கரைந்துவிடும். ஆகவே போத்தலில் நெடுநாட் கிடந்த மீனிற் கறுப்பு எஞ்சும், சிவப்பு நீங்கும். இலண்டன் நூதனசாலையின் அறையில் இருப்பவருக்குத் தோன்றுவது பட்டை. வெற்றிலைச் சிவப்பு ஓடையிலேயே தங்கிவிட்டது. குந்தரின் நுணுக்கத்தை இது குறைப்பதாகாது. செதிலையும் செட்டைக் கதிரையும் அவர் அளந்த அளவுகள் இன்றும் பயன்படுகின்றன. உயிர் நீங்கிய உடல் சொல்லக்கூடியதை மட்டுமே அது சொல்லும் என்பதே இங்கே அறியத்தக்கது.

அதே தொகுதியில் குந்தர் இன்னொரு இலங்கைக் கெண்டைக்கும் பெயரிட்டார். உடலின் இருபுறமும் இவ்விரண்டு கரும்புள்ளிகளைக் கொண்ட அம்மீனுக்கு, சங்கு சிப்பிகளைச் சேகரிப்பதிற் பேர்பெற்ற ஹியூ கமிங் என்பாரின் பெயர் சூட்டப்பட்டது. ‘கமிங்கியை’ என்னும் இப்பெயர் மீனின் நிறத்தையும் சொல்லவில்லை. அது வாழும் ஆற்றையும் சொல்லவில்லை. இவ்வமைதியின் விளைவு ஒன்றரை நூற்றாண்டின் பின்னரே வெளிப்பட்டது. அதனைப் பின்னர்க் காண்போம்.

இலங்கையிலேயே பிறந்து, உயிருள்ள மீனை அதன் நீரிலே காணக்கூடிய அறிஞர் ஒருவர் பெயரிடும் பொறுப்பை ஏற்றபோது நிலைமை மாறிற்று. அவர் போல் எட்வேட் பீரிஸ் தெரணியகல. பிற்காலத்தில் 1939 முதல் 1963 வரை இலங்கைத் தேசிய நூதனசாலைகளின் அதிபராய் விளங்கியவர். நிழல் சூழ்ந்த ஆழமற்ற ஓடைகளில், உதிர்ந்த இலைகள் படிந்த அடித்தரையை ஒட்டி வாழும் ஒரு சிறுமீனை அவர் 1929 இல் விவரித்தார். ஆண்மீன் பருவத்திலே உடல் முழுதும் சிவந்துவிடும். ஊரார் அதனை ‘லே தித்தயா’ என்பர். ‘லே’ என்றால் இரத்தம். ‘தித்தயா’ சிறு கெண்டைவகைக்கு வழங்கும் பெயர். தெரணியகல அச்சொல்லையே எடுத்துப் ‘புண்டியஸ் தித்தேயா’ என இலத்தீன் பெயரமைத்தார். வங்காளச் சொல்லாற் சாதிப்பெயரும், சிங்களச் சொல்லால் இனப்பெயருமாக அமைந்த அப்பெயரிலே ஐரோப்பியச் சொல் ஒன்றேனும் இல்லை. ஈறு மட்டுமே இலத்தீன்.

அடுத்த ஆண்டாகிய 1930 இல் அவர் இன்னொரு மீனை விவரித்தார். செம்மஞ்சளும் முத்தொளியும் கலந்த நிறமுடைய அதனைச் சிங்களவர் ‘ஹல் மல் தண்டியா’ என்பர். ஹல் என்பது ஈரவலயக் காட்டில் வளரும் ஒரு பெருமரம். மல் என்பது பூ. அம்மரத்தின் இலத்தீன் பெயர் வற்றேரியா. அதனின்று ‘வற்றேரிபுளோறிஸ்’, அதாவது ஹல் மரப்பூ, என்னும் இனப்பெயரை அவர் ஆக்கினார். மீனின் பெயரில் மரமும் மரத்தின் பெயரிற் காடும் அடங்கியுள்ளன. காட்டு நிழல் நீங்கினால் வாழ மாட்டாத அம்மீனுக்கு அதனினும் பொருத்தமான பெயர் காண்பது அரிது.

இனி மூன்றாம் வகையினரை நோக்குவோம். 1930 களில் இம்மீன்கள் ஐரோப்பியக் காட்சித்தொட்டிகளை அடைந்தன. கப்பலில் தகரக் கலங்களில் நீரோடு கொண்டுசெல்லப்பட்ட காலம் அது. நீண்ட பயணத்தில் நீரை மாற்றியும் சூடு குறையாமற் காத்தும் உயிரோடு சேர்ப்பது பெருமுயற்சி. சென்றடைந்த மீனுக்கு விற்கத்தக்க பெயர் வேண்டியதாயிற்று. புலத் ஹப்பயா ஆங்கிலத்திற் ‘பிளாக் றூபி’ ஆயிற்று. கரிய மாணிக்கம் என்பது பொருள். லே தித்தயா ‘செறி’ப் பழத்தின் பெயரைப் பெற்றது. ஜேர்மானியர் முன்னதனைச் செந்நீலத் தலைக்கெண்டை என்றும், பின்னதனைத் தம் நாட்டுப் ‘பிற்றர்லிங்’ மீனின் பெயரோடு சேர்த்தும் அழைத்தனர். ஹல் மல் தண்டியாவுக்கோ பெயர்கள் பல. ஒரு கடையில் முத்து மீன். இன்னொரு கடையிலே தீ மீன். வேறொரு கடையிற் பொன்மீன்.

வணிகர் இட்ட பெயர்களிலும் அழகுண்டு. மாணிக்கம் விளையும் நாட்டு மீனை மாணிக்கம் என்பது தகாத உவமையன்று. ஊரார் வெற்றிலையை நினைந்தவாறே இலண்டன் மாநகரத்தார் செறிப் பழத்தை நினைந்தனர். ஒவ்வொருவரும் தத்தம் வீட்டிலுள்ள சிவப்பையே மீனிற் கண்டனர். குறை உவமையில் இல்லை. அப்பெயர்கள் எங்கிருந்து வந்தது என்னும் வினாவுக்கு விடை தருவதில்லை என்பதே குறை. மாணிக்கம் எந்தச் சுரங்கத்தினின்று வந்தது என்று வாங்குவோர் கேட்பதுண்டு. மீன் எந்த ஓடையினின்று வந்தது என்று கேட்டவர் மிகச் சிலரே.

கேட்டிருந்தாலும் விடை பெறுதல் எளிதன்று. ஓடையில் வலை வீசுவோன் தான் பிடித்ததை ஊர்த் தரகனுக்குக் கொடுப்பான். தரகன் பல ஓடைகளின் மீனையும் ஒருங்கு சேர்த்து ஏற்றுமதி செய்வோரிடம் சேர்ப்பான். ஒரே தொட்டியிற் பல ஆறுகளின் மீன்கள் கலந்துவிடும். விமானப் போக்குவரத்தும், ஒட்சிசன் அடைத்த பொலித்தீன் பைகளும் வழக்கத்துக்கு வந்தபின் இவ்வணிகம் விரைந்து பெருகிற்று. பல நாட் பயணம் ஓரிரு நாட் பயணமாய்ச் சுருங்கவே, பைகளின் தொகையும் உயர்ந்தது. பை ஏறும்போது இலங்கை என்னும் நாட்டின் பெயர் மட்டுமே மீனோடு சென்றது. களனியா, களுவா, ஜின்னா என்பது கரையிலேயே தங்கிவிட்டது.

நிறத்துக்காகப் பிடிப்பதில் இன்னொரு தீங்கும் உண்டு. கண்ணைக் கவருவது ஆண்மீன். ஆதலால் வலைக்காரர் சிவந்த ஆண்மீன்களையே தேடிப் பிடித்தனர். மிகச் சிவந்தவை முதலிற் போயின, மங்கியவை எஞ்சின. எஞ்சியவற்றின் வழியே அடுத்த தலைமுறை பிறக்கும். தங்கமீன் வளர்த்த சீனர் நிறமுள்ளதை வைத்து மங்கியதை நீக்கினர். இங்கே அதன் மறுதலை நிகழ்ந்தது. வாங்கியவருக்கும் முழுப்பயன் கிட்டவில்லை. அச்சமுற்ற மீன் நிறம் குன்றும். நிறந்தரும் உணவு இல்லாத தொட்டியிலே சிவப்பு நாளடைவில் மங்கும். எந்நிறத்தை விரும்பி விலை கொடுத்தாரோ அந்நிறத்தின் ஒரு பகுதி ஓடையின் உணவோடு பின்னே நின்றுவிட்டது.

இனிக் கமிங் பெயர்பெற்ற கெண்டைக்கு மீள்வோம். அதன் செட்டைகள் சிலவற்றிற் சிவப்பாகவும் சிலவற்றில் மஞ்சளாகவும் இருப்பதைக் காட்சித்தொட்டி வைப்போர் நெடுங்காலமாகவே அறிவர். ஒரே மீனின் இரு நிறங்கள் என்றே பலரும் எண்ணினர். 2008 இல் இலங்கை ஆய்வாளர் சிலர் சிவந்த செட்டை உடையதைத் தனியினமாகப் பிரித்து ‘றேவல்’ எனப் பெயரிட்டனர். 2021 இல் வெளியான விரிந்த ஆய்வொன்று இக்கதையை மேலும் தெளிவாக்கிற்று. தெதுறு ஓயா முதல் களனி கங்கை வரை வாழ்பவற்றின் செட்டை சிவப்பு. பெந்தர கங்கை முதல் ஜின் கங்கை வரை வாழ்பவற்றின் செட்டை மஞ்சள். இடையே பாயும் களு கங்கையில் வாழ்பவற்றின் செட்டை செம்மஞ்சள். வடக்கிலிருந்து தெற்காகச் செல்லச் செல்ல, ஆறு மாறுந்தோறும் நிறமும் மாறுகின்றது. பரம்பரை அலகுகளை நோக்கின் இரண்டும் முற்றப் பிரிந்த இனங்கள் என்பதற்கு அவ்வாய்வு ஆதரவு தரவில்லை. ஆயினும் ஆற்றுக்கு ஆறு பரம்பரை வேறுபடுகின்றது என்பதை அது உறுதிசெய்தது. ஒரு செட்டையின் நிறத்தைக் கொண்டே அம்மீன் எந்நீரிற் பிறந்தது என்று கூறத்தக்க அளவுக்கு இயற்கை நுட்பமாய் எழுதியிருந்தது. பல ஆற்று மீன்களை ஒரு தொட்டியிற் கலந்து ஒரே பெயரால் விற்றபோது அழிந்தது அந்த எழுத்து.

நல்லெண்ணத்தோடு செய்த செயலும் சில வேளை இவ்வெழுத்தைக் கலைப்பதுண்டு. காடழிவால் ஈரவலய மீன்கள் அருகுவதைக் கண்ட ஆய்வாளர், அவற்றுட் சிலவற்றைப் பிடித்து மகாவலி நீர்த்தொகுதியின் ஓடைகளில் விட்டனர். அவை அங்கே நிலைத்துப் பெருகியதை 1990 இல் வெளியான ஆய்வு தெரிவித்தது. அழிவினின்று காக்கும் வழியொன்று கிடைத்தது எனலாம். ஆனால் மத்திய மலைநாட்டில் இன்று காணப்படும் புலத் ஹப்பயாவும் சிவந்த செட்டைக் கெண்டையும் ஓர் ஆற்றிலிருந்தன்றிப் பல இடங்களிலிருந்தும் வந்தவையாதல் கூடும் என 2021 ஆம் ஆண்டின் ஆய்வு கூறுகின்றது. உயிர் பிழைத்தது, ஊர் கலந்துவிட்டது. காப்போரும் எங்கிருந்து எடுத்தோம், எங்கே விட்டோம் என்று எழுதிவைக்கக் கடமைப்பட்டவர் என்பதை இது உணர்த்தும்.

இவ்வரலாற்றின் கூர்முனை கேகாலை மாவட்டத்திலுள்ள கலப்பிட்டமடையில் இருக்கின்றது. அங்கே வயல்களுக்கும் இறப்பர்த் தோட்டங்களுக்கும் ஊடே ஒரு சிற்றோடை செல்கின்றது. காட்டு நிழலும் இல்லை; காவற்காரரும் இல்லை; மனிதரின் பயிர்நிலமே இருமருங்கும். அவ்வோடையிற் புலத் ஹப்பயாவுக்கு நெருங்கிய உறவுடைய ஒரு சிவந்த சிறுமீன் வாழ்வதை மோறிஸ் கொற்றெலாவும் றொஹான் பெத்தியாகொடவும் 1991 இல் விவரித்தனர். பந்துல என்பாரின் பெயரால் அது ‘பந்துல’க் கெண்டை எனப்பட்டது. உலகில் வேறெங்கும் அது இயற்கையாய் வாழ்ந்ததாய் அறியப்படவில்லை. ஓர் இனம் முழுவதற்கும் ஒரே ஓடை! வயலுக்குத் தெளிக்கும் நஞ்சு ஒருநாள் மிகுந்தாலும், ஓடையைத் திருப்பி ஒரு கால்வாய் வெட்டினாலும், வலையோடு சிலர் சில நாள் தங்கினாலும் அவ்வினத்தின் கதை முடிந்துவிடும். மிக ஆபத்தான நிலையிலுள்ள இனங்களின் வரிசையில் உலகப் பட்டியல் அதனை வைத்திருக்கின்றது.

இங்கே ஒரு தருமசங்கடம் எழுகின்றது. அறிஞர் ஒரு மீனுக்குப் பெயரிடும்போது அது கிடைத்த இடத்தையும் எழுதுதல் முறை. இடம் எழுதாத பெயர் அரைப்பெயர். ஆனால் அரிய நிறமுடைய மீனின் இடத்தை எழுதியதும், அதனைக் காக்க விழைவோர் அறிவது போலவே கவர விழைவோரும் அறிந்துவிடுவர். நூல் இருவருக்கும் வழிகாட்டும். அவ்வாறாயின் இடத்தை மறைத்தல் நன்றோ? மறைத்தால் அந்த ஓடைக்கு மேலே பாதை போடுவோருக்கும் நஞ்சு தெளிப்போருக்கும் அங்கே ஓர் அரிய உயிர் உண்டென்பதே தெரியாது போகும். யாரும் அறியாத மீன் அறியாமையாலேயே அழியும். எல்லாரும் அறிந்த மீன் ஆசையால் அழியக்கூடும்.

இச்சங்கடத்துக்குச் சட்டம் ஒருபாதி விடை தந்தது. 1937 ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச்சட்டம் 1993 இல் திருத்தப்பட்டபோது அரிய நன்னீர் மீன்கள் சிலவும் பாதுகாப்புப் பெற்றன. 1996 ஆம் ஆண்டின் கடற்றொழிற் சட்டத்தைத் தொடர்ந்து, எம்மீனை ஏற்றுமதி செய்யலாகாது, எதனை அனுமதியோடு மட்டும் அனுப்பலாம் என்பதற்கு 1998 இல் விதிகள் பிறந்தன. இன்னொருபாதி விடையை மீன்வளர்ப்போர் தந்தனர். லே தித்தயா தொட்டியில் எளிதாய் முட்டையிடும் இயல்புடையது. தென்கிழக்காசியாவிலும் ஐரோப்பாவிலும் பண்ணைகளில் அது பெருமளவிற் பெருக்கப்பட்டமையால், உலகச் சந்தையில் விற்கப்படும் ‘செறி’ மீன்களுட் பெரும்பாலானவை எந்த ஓடையையும் கண்டறியாதவை. ஓடையின் சுமை அதனாற் குறைந்தது. ஆயினும் பண்ணை மீனுக்கும் ஓடை மீனுக்கும் கடையில் ஒரே பெயர் இருக்குமளவும், எது வளர்த்தது எது கவர்ந்தது என்று வாங்குவோர் அறிய வழியில்லை.

மூன்றாவதாக ஒரு விடையும் உண்டு; அது ஊராரிடம் இருக்கின்றது. கலப்பிட்டமடை ஓடைக்கு வேலி இட முடியாது. அது வயலுக்கு நீர் தரும் ஓடை. அதன் கரையிலே வாழ்வோர் அம்மீனைத் தமதென்று கருதினாலன்றி வேறு காவல் பயன்படாது. அண்மைக் காலத்தில் அவ்வூரவரோடு சேர்ந்து கரையைப் பேணவும், மீனை வேறு தகுந்த நீரிற் பெருக்கவும் முயற்சிகள் மேற்கொள்ளப்பட்டன. மீன் எங்கிருக்கின்றது என்பதை மறைக்க முடியாத இடத்தில், அங்கிருக்கும் மக்களே அதற்குக் காவலாவது இயல்பு. அந்நிலையில் இடப்பெயர் கள்வனுக்கு வழிகாட்டும் பலகையாய் நில்லாது, ஊரின் பெருமைச் சின்னமாய் நிற்கும்.

2012 இல் அறிவுலகில் ஒரு மாற்றம் நிகழ்ந்தது. தென்னாசியச் சிறுகெண்டைகளை மீளாய்ந்த பெத்தியாகொடவும் அவர்தம் உடனாய்வாளரும், பலவற்றைப் புண்டியஸ் என்னும் சாதியினின்று பிரித்துப் புதிய சாதிகளில் அமைத்தனர். அவற்றுள் ஒன்றுக்குப் ‘பெத்தியா’ எனப் பெயரிட்டனர். சிங்களக் கிராமத்தவர் சிறு கெண்டைகளுக்குப் பொதுவாய் வழங்கும் சொல் அது. குந்தர் கரும்பட்டை என்று பெயரிட்ட மீனின் முழுப்பெயர் அன்றுமுதல் ‘பெத்தியா நைக்ரோபாசியாற்றா’. ஓடைக்கரையின் சொல் முன்னும், நூதனசாலையின் சொல் பின்னுமாக அமைந்தது அப்பெயர். 1868 இல் வெளியே நிறுத்தப்பட்ட ஊரார் 144 ஆண்டுகளின் பின்னர் உள்ளே அழைக்கப்பட்டனர் எனலாம்.

பெயர் திரும்பிவந்தது போல நீரும் நிழலும் திரும்பிவருவது எளிதன்று. ஹல் மரம் வளர்ந்து பூக்கப் பல்லாண்டுகள் செல்லும். கலந்துபோன ஆற்றுப் பரம்பரையைப் பிரித்தெடுக்க எவராலும் இயலாது. இயல்வது ஒன்றுண்டு. காட்சித்தொட்டியின் முன் நின்று ஒரு சிவந்த மீனை வியப்போர், அதன் விலையைக் கேட்பதற்கு முன்னே, அது பண்ணையிற் பிறந்ததா, ஓடையிற் பிறந்ததா, ஓடையாயின் எந்த ஓடை என்று கேட்கலாம். வாங்குவோர் கேட்கத் தொடங்கினால் விற்போர் அறியத் தொடங்குவர். விற்போர் அறிய விரும்பினால் தரகர் எழுதிவைக்கத் தொடங்குவர். வெற்றிலை மென்ற அச்சிறுமீனின் முகம் அதன் ஓடையிலே தொடர்ந்து சிவந்திருப்பது அவ்வினாவையும் பொறுத்துள்ளது.